வராக்கடன்

டக்கோட்டாச் சமவெளியில் ரயில் நின்றபோது
நான்கு கன்னியாஸ்திரிகள் இறங்கினார்கள்.
ஐந்தாமவர் வழியிலேயே காய்ச்சலில் போயிருந்தார்.
கடிதத்தில் சொன்ன கட்டடம் இல்லை;
மூடிக்கிடந்த மதுக்கடை ஒன்று இருந்தது.
அதன் நீள மேசையில்தான் முதல் அறுவை:
அந்தோன் வெட்ஷ், கதிரடிக்கும் இயந்திரத்தில் போன வலக்கை.

இருபக்கமும் ஆடும் மதுக்கடைக் கதவு.
தாழ்ப்பாள் போடச் சொன்னார் ஆயர்.
ஆணி கிடைக்கவில்லை என்று
மூன்று வருஷம் பதில் எழுதினார்கள்.

இதெல்லாம் பேரேட்டில் இருக்கிறது,
சிஸ்டர் வால்புர்காவின் கையெழுத்தில்.
பிரசவம் ஒன்று – உருளைக்கிழங்கு இரண்டு மூட்டை.
நிமோனியா, பதினோரு நாள் – ஒரு கோழி;
முட்டையிடாது என்று பக்கத்தில் குறிப்பு.
வெட்ஷின் கைக்கு நேரே ஒன்றுமில்லை.
அடுத்த பனிக்காலம் முழுக்க அவர்
இடக்கையால் விறகு பிளந்து போட்டது
எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

லூத்தரனா கத்தோலிக்கரா என்று கேட்க
ஒரு கட்டம் இருந்தது.
1918 அக்டோபரில் அது முழுக்கக் காலி.
அந்த மாதம் கையெழுத்தும் மாறுகிறது.

இப்போது தலைமையகம் வேறு மாநிலத்தில்.
காலையில் எனக்கு வந்த மின்னஞ்சல்:
தொண்ணூறு நாள் தாண்டிய பாக்கிகளை
வசூல் நிறுவனத்துக்கு அனுப்புக.
பட்டியலில் நாற்பத்திரண்டு பேர்.
ஒருத்தி டார்லா வெட்ஷ்; இரட்டைப் பிள்ளைகள், குறைமாதம்.
உறவா என்று நான் விசாரிக்கவில்லை.

பேரேடு வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள்.
திறந்திருக்கும் பக்கத்தில் சிவப்பு மையில்
மேலிருந்து கீழாக ஒரே சொல்:
தீர்ந்தது, தீர்ந்தது, தீர்ந்தது.
அதைக் கடந்துதான் காபி எடுக்கப் போகவேண்டும்.
இன்று சமையலறையைச் சுற்றிக்கொண்டு போனேன்.