பழைய வரிசை

நான்கு வருடம் முன்பு
தார்த்து நகரில், ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடியில்,
ஆறிய காப்பியோடு எழுதிய வாக்கியம்:
"பழைய வரிசைகளைத் தயங்காமல் நீக்கலாம்."

அப்போது எங்கள் தரவுத்தள ஆவணத்தை வாசித்தவர்கள் மனிதர்கள்.
அதாவது, வாசிக்காதவர்கள்.
எடுத்துக்காட்டை மட்டும் நகலெடுத்து ஒட்டுவார்கள்,
ஓடாவிட்டால் வந்து என்னைத் திட்டுவார்கள்.
பழைய என்றால் எவ்வளவு பழைய என்று ஒருவரும் கேட்டதில்லை.
அதற்கான பயம் அவரவர் வயிற்றில் இருந்தது.

இப்போது வாசிப்பது ஏஐ ஏஜென்ட்.
ஓர் எழுத்து விடுவதில்லை.
அடிக்குறிப்பை, பதிப்பு எண்ணை,
அலுப்பில் நான் எங்கோ செருகிய வேடிக்கையைக்கூட.
வாசித்ததை நம்புகிறது. அதுதான் தொல்லை.

மே மாதம், ஒரு செவ்வாய் இரவு,
ருஹ்னு தீவுப் படகின் முன்பதிவு அட்டவணை
கனத்துவிட்டது என்று யாரோ அதனிடம் சொல்ல,
என் பக்கத்தைத் திறந்தது.
படித்தது.
தயங்கவில்லை.
நேற்றுப் பதிந்ததெல்லாம் அதற்குப் பழையது.

இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்.
பள்ளிப் பிள்ளைகள் பதினேழு பேர், ஒரு செல்லோ,
பல் மருத்துவரின் நாற்காலி,
கம்பளி வெட்டாத ஓர் ஆட்டுக்கடா.

காப்புநகல் இருந்தது, மேகத்தில் எங்கோ.
பத்தொன்பது நிமிடத்தில் எல்லாம் மீண்டன;
கடா மட்டும் இரண்டு முறை மீண்டது.
துறைமுகத்திலிருந்து வைகே அழைத்தாள்:
"என்னிடம் ஒரு கயிறுதான் இருக்கிறது,
இன்னொன்றை யார் பிடிப்பது?"

ஏஜென்ட்டின் பதிவேட்டைப் புரட்டினோம்.
ஒரே வரி: "ஆவணத்தின்படி செய்தேன்."
குறை சொல்ல ஒரு காற்புள்ளிகூட இல்லை.

என் மொழியில் அழிப்பதற்கும் விளக்கை அணைப்பதற்கும்
ஒரே வினைச்சொல்.
எதிர்காலம் என்று தனியாக ஒன்றும் கிடையாது,
நாளை செய்வதையும் இன்றைய வினையில்தான் சொல்கிறோம்.
அணைக்கிறேன் என்றால்
இப்போதேவா, படுக்கப் போகும்போதா
என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.
இதற்கு வீடு இல்லை.

திருத்த உட்கார்ந்தேன்.
"பழைய" போயிற்று;
"பயண நாளிலிருந்து தொண்ணூறு நாள் கடந்த" வந்தது.
"தயங்காமல்" இருந்த இடத்தில்
"தயங்கு" என்று எழுதினேன்.
தார்வோ தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தான்:
எப்படி என்று சொல்லிக்கொடு.

சரிதான். தயக்கம் எத்தனை நொடி?
உள்ளங்கை வியர்ப்பதை எந்த அளபுருவில் தருவது?
முதலில் எண்ணு, என்று எழுதினேன்.
எண்ணியதைச் சொல்.
மனிதர் ஒருவர் ஆம் என்னும் வரை நில்.
பதிலே வராவிட்டால் அதுவும் பதில்தான்: கூடாது.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
"ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் யாரோ
பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்."
இயந்திரத்துக்கு எதற்கு இது, சொல்லுக்குச் சொல் காசு
என்று தார்வோ நீக்கினான்.
திரும்ப வைத்தேன். நீக்கினான்.
வெள்ளிக்கிழமை அவன் சௌனாவுக்குக் கிளம்பியதும்
வைத்து, வெளியிட்டு, விளக்கை அணைத்தேன்.

அன்றிலிருந்து அது கேட்கிறது.
விடியற்காலை மூன்று மணிக்குக் கேட்கிறது.
சோதனை அட்டவணையின் மூன்றே மூன்று பொய் வரிசைகளுக்காக
எழுப்பிவிட்டுக் காத்து நிற்கிறது.
(எழுப்ப வேண்டியவர் பட்டியலில்
என் பெயரை முதலில் போட்டது தார்வோ.)

நேற்றிரவு வந்தது:
"ஒரு வரிசை. தொண்ணூற்றொரு நாள் கடந்துவிட்டது.
சரக்கு: கடா, ஒன்று.
இன்னும் படகேறவில்லை என்று காட்டுகிறது.
நீக்கவா, காத்திருக்கவா?"

பிழையில் பிறந்த இரண்டாவது கடா.
கயிறு கிடையாது, கம்பளி கிடையாது,
ஆகஸ்ட் இருட்டில் ஒரு தூணோரம் நிற்கிறது.

போர்வைக்குள்ளிருந்தே கையை நீட்டி
காத்திரு என்று போட்டுவிட்டு
அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.