பாகைமானி

முதல் அளவை வீட்டில்தான் எடுத்தேன்.
மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.
அவள் டப்பாவிலிருந்த பாகைமானியோடு
குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்த்து.
நாற்பது, நாற்பத்தைந்து,
கை நடுங்கியதில் சரியாகச் சொல்ல முடியவில்லை.
அதைத் திருப்பி அவள் டப்பாவில் வைக்க மனம் வரவில்லை.
டானா தெருக் கடையில் தனியாகத் தரமாட்டார்களாம்.
ஆக நாற்பத்தொன்பது வயதில்
ஒரு காம்பஸ், ஒரு டிவைடர், இரண்டு மூலைமட்டம்
எனக்குச் சொந்தமாயின.

வேலை கண்ணாடிக் கடையில்.
யாரோ உட்கார்ந்து நசுக்கிய பிரேமைச்
சூடு காட்டி நிமிர்த்துவேன்.
காது வலிக்குதா, இப்ப சரியா, என்று கேட்பேன்.
என்னையும் கோமளா கேட்டிருப்பாள்;
நான்தான் ஒன்றரை வருடமாய்ச்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
அசதி என்றேன். சுகராயிருக்கும் என்றேன்.
மறுநாளே வெறும் வயிற்றில் இழுத்துப்போய்
ரத்தம் கொடுக்க வைத்தாள்.
நார்மல் என்று வந்தது.
அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை, மூன்றாம் மாடி,
லிஃப்ட் ஓடாது.
பதினோரு பக்கச் சம்மதப் படிவம்
தமிழில்தான் இருந்தது, யாரும் பேசாத தமிழில்:
ஆண்குறியின் இயல்பு மீறிய வளைவு.
சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு.
'அதாவது சார்' என்றாள் நிலோஃபர்,
என் மகளைவிட எட்டு வயது மூத்தவளாக இருப்பாள்,
'ஊசியில மருந்தும் இருக்கலாம்,
வெறும் உப்புத் தண்ணியும் இருக்கலாம்.
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.'
'அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?'
'கம்ப்யூட்டருக்கு.'
அன்றிலிருந்து நான் பதினேழாம் எண்.
பெயரைவிட அது வசதியாக இருந்தது.

எட்டு ஊசி.
டாக்டர் ஜெபராஜ் தோலுக்கடியில்
அந்தத் தழும்பைத் தேடிப் பிடிப்பார்,
காய்ந்த பட்டாணி மாதிரி.
நகராதீங்க என்பார். நான் எங்கே நகர்வது?
கூரையில் ஒரு பழைய ஸ்பீக்கர், அறுபத்திரண்டு துளை.
எண்ணி முடிக்கையில் ஊசி முடிந்திருக்கும்.
பிறகு ஒரு வாரம் கத்தரிக்காய் நிறம்,
பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே அயனாவரம்வரை.

மூன்றாம் ஊசிக்குப் பிறகு
போக்குவரத்துப் படி முந்நூறு ரூபாய் வவுச்சர்
சட்டைப்பையில் அகப்பட்டது, துவைக்கப் போட்டவளிடம்.
'பங்கேற்பாளர் பதினேழு. என்ன இது, சீட்டுக் கம்பெனியா?'
மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.
அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிடலாமென்று சொன்னேன்.
நிறுத்தினாள்.
'இன்னொரு தடவை சொல்லு.'
சட்னி பாதி அரைந்து நின்றது.
சிரிப்பாளென்று நினைத்தேன், அழுவாளென்றும்.
'பாப்பா டப்பாவுல புதுசா ஒண்ணு இருந்துச்சே,
நம்பரெல்லாம் அழியாம,
அது நீயா?' என்றாள்.

நான்காவதிலிருந்து அவளும் வந்தாள்.
நான் கேட்கத் துணியாததையெல்லாம் நிலோஃபரிடம் கேட்டாள்,
குரலைத் தாழ்த்தாமல்.
வரிசையிலிருந்த மற்ற ஆண்கள்
போனை முறைத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

கடைசி அளவு அக்னி நட்சத்திரத்தில்.
தொடக்கத்தில் நாற்பத்தேழு. இப்போது நாற்பத்தொன்று.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்
(இடது கை தளர்ந்திருந்தது, கடைக்கு வரச் சொல்ல வேண்டும்).
'அளக்குற கையோட பிழையாக்கூட இருக்கலாம்.'
மருந்தா உப்பா என்பது
எல்லாருக்கும் முடிந்த பிறகு கடிதத்தில் வரும்.

வெளியே தார் செருப்பைப் பிடித்து இழுத்தது.
இரண்டு கரும்புச்சாறு சொன்னாள், ஐஸ் இல்லாமல்.
'ஆறா?'
'ஆறு.'
'இந்த வெயில்ல ஆறு டிகிரி குறைஞ்சா
மெட்ராஸே பட்டாசு வெடிக்கும்.'

கடிதம் இன்னும் வரவில்லை.
நேற்று மகள் காம்பஸைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள்.
என்னிடம் ஒன்று இருக்கிறது என்றேன்.
'உனக்கு எதுக்குப்பா காம்பஸ்?'
கோமளா உள்ளே
மிக்ஸியைப் போட்டாள்.