இடது கை ஸ்வெட்டர் பைக்குள்

கோத்தகிரியில் மாலை நாலரைக்கே
மேகம் கடைக்குள் வந்துவிடும்.
கதவைச் சாத்திவிட்டு
மேஜையை மூன்று முறை துடைத்தேன்.
ஈரம் கிடைத்தால் போதும்,
பதினைந்தாயிரம் வோல்ட்
தானே பாதை போட்டுக்கொள்ளும்.

ஹாலன் கொண்டுவந்த பெட்டி
பங்களா ஏலத்தில் எடுத்தது.
தேக்குச் சட்டம், பதினோரு வால்வு,
மூலையில் காய்ந்துபோன ஒரு பல்லி.
படம் நாலு பக்கமும் சுருங்கி
தபால் கார்டு அளவில் நிற்கிறது என்றார்,
ஏதோ தன்னுடைய குற்றம்போல.

பிளக் வெளியே இருக்கும்போதே
கறுப்புக் கிளிப்பைச் சேஸிஸில் கவ்வ வைத்தேன்.
நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர்,
ஒரு மூட்டை அரிசி கனம்.
மீட்டர் வயரை விரலால் நீவி
வெடிப்பு இல்லையெனத் தெரிந்த பிறகுதான்
சுவிட்ச்.

அதிலிருந்து இடது கைக்கு வேலையில்லை.
அது ஸ்வெட்டர் பைக்குள் கிடக்கும்.
இரண்டு கையும் உள்ளே போனால்
நடுவில் இருப்பது நெஞ்சு.
பைக்குள் நேற்றைய வர்க்கித் தூள்.
வலது கை சிவப்பு முனையோடு அலையும்போது
இடது அதை நிரடிக்கொண்டிருந்தது.

வரைபடத்தில் எல்லா இடத்திலும் எண் உண்டு.
இருநூற்றுப் பதினைந்து, நூற்று எண்பது,
ஓரிடத்தில் மைனஸ் நாற்பது.
ஒரே ஒரு வால்வின் உச்சந்தொப்பியில் மட்டும்
எண் இல்லை.
அளக்காதே என்று இருக்கிறது.
அந்தத் துடிப்பில் மீட்டர் கருகிவிடும்.
அதன் கிரிட்டில் மைனஸ் நாற்பதைப் பார்த்தால் போதும்,
மேலே உயிர் இருப்பது தெரிந்துவிடும்.
எங்கள் வீட்டில் அப்பாவிடம்
கடனைப் பற்றி நாங்கள் கேட்டதும் இப்படித்தான்,
அம்மா போடும் தேநீரின் நிறத்தைப் பார்த்து.

இருநூற்றுப் பதினைந்து வேண்டிய இடத்தில்
நூற்று அறுபத்தெட்டு.
கண்டென்சரா, ரெக்டிபையரா
என்று யோசிக்கும்போதே
கரண்ட் போனது.

திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி
அணைய மனமில்லாமல் நின்றது.
"இப்போதான் கரண்டே இல்லையே"
ஹாலன் செல்போன் வெளிச்சத்தோடு
குனிந்து கையை உள்ளே விட்டார்,
பல்லியை எடுத்துவிடலாமென்று.

என் இடது கை
என்னைக் கேட்காமல் பையைவிட்டு வந்து
அவர் மணிக்கட்டைப் பிடித்தது.
படக்குழாயின் ரப்பர் தொப்பிக்கு
நாலு விரற்கடை.
பிறகுதான் கவனித்தேன்,
இருட்டில் தடுமாறிய என் வலது கை
சேஸிஸ் விளிம்பில் ஊன்றியிருந்தது.
அவர் விரல் நுனியிலிருந்து என் விரல் நுனிவரை
நாங்கள் இருவரும் ஒரே கம்பி.

யாரும் பேசவில்லை.
பிளக்கைப் பிடுங்கினேன்.
ரெசிஸ்டர் கட்டிய குச்சியை
மெதுவாகத் தொப்பிக்கடியில் நுழைத்தேன்.
சின்னதாய்ச் சொடக்கு.
பெரிய கண்டென்சருக்கும் அதே குச்சி.
மீட்டர் இறங்கியது:
தொண்ணூறு, முப்பது, இரண்டு.
குச்சியை எடுத்தால் மறுபடி பதினொன்று.
இன்னும் ஒரு முறை வைத்தேன்.
ஒன்றுமில்லை என்பதையும் அளந்துதான் சொல்ல வேண்டும்.

பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது.
முதலில் செய்திருக்க வேண்டியதைக்
கடைசியில் செய்தேன்.
சுவர் பிளக்கையே அளந்தேன்:
நூற்று எழுபத்தொன்பது.
கீழே தேயிலை ஃபாக்டரியில் ரோலர் ஓடுகிறது.
பெட்டிக்கு நோயில்லை.

ஹாலன் மணிக்கட்டில் ஒட்டிய
வர்க்கித் தூளைத் தட்டிவிட்டு
எவ்வளவு ஆகும் என்றார்.
ஸ்டெபிலைசர் வாங்குங்கள் என்றேன்.
பல்லியை
இடுக்கியால் நானே எடுத்தேன்,
ஒற்றைக் கையால்.