நூறிலிருந்து ஏழு

திங்கட்கிழமை இருபத்தெட்டு.
வியாழக்கிழமை பத்தொன்பது.
முப்பதுக்கு.
டாக்டர் பெர்த்தோட் இரண்டு தாளையும்
அருகருகே வைத்துப் பார்க்கிறார்,
யாரோ இரண்டு பெண்களுடையது போல.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், சிஞ்ஞோரா.

திரியெஸ்தே துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம்
காப்பிக்கொட்டை மூட்டைக்குக் கணக்கெழுதியவள் நான்.
சாக்கின் எடை கழித்து, ஈரம் கழித்து,
எலி தின்றதையும் கழித்து
கேப்டனிடம் கையெழுத்து வாங்கியவள்.

தொண்ணூற்று மூன்று என்றேன்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

எண்பத்தாறு அங்கேதான் இருந்தது, டாக்டர்.
அலமாரியின் மேல்தட்டில், கண்ணுக்குத் தெரிகிறாற்போல்.
நாற்காலி போட்டு ஏறி எடுக்க
மனசு வரவில்லை,
அவ்வளவுதான்.
மறதி என்று எழுதிக்கொண்டீர்கள்.

சில நாள் நிஜமாகவே மறதிதான். மறைக்கவில்லை.
அடுப்பில் வைத்த கெண்டி கருகி
கைப்பிடி உருகி வழிந்தது.
கூடப் பிறந்தவள் பெயரை
மூன்றாம் மாடி ஏறி முடிக்கும்வரை தேடினேன்.
நெரீனா.

எது எந்த நாள் என்று எனக்கே தெரியாது.
போரா காற்றுக்கு அந்தக் காலத்தில்
தெருவோரம் கயிறு கட்டுவார்கள்.
காற்றில்லாத நாளிலும் கயிறு தொங்கும்.
வேண்டாதவள்போல் அதைத் தாண்டி நடப்பேன்.

சராசரி மட்டும் எடுக்காதீர்கள்.
இருபத்து மூன்றரை என்று ஒருத்தி
என் வீட்டில் இல்லை.

அன்று திரும்பும்போது பஸ்ஸில்
யாரும் கேட்காமலே வந்தது:
எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து.
விடாமல் போய்
இரண்டில் வந்து நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தால்
என் நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது.