பதிலளிக்காதோர்

பம்பைமடுவில் வியாழக்கிழமைக் கருத்தரங்கு.
ஒன்பதாவது அமர்வு; பேசியது நான்.
‘போருக்குப் பிந்திய கடனின் அரசியல் பொருளாதாரம்’:
மின்சாரம் திரும்பி வரும்வரை
இணைப்பாளர் புவிராஜ் தலைப்பை இரண்டு தரம் வாசித்தார்.

ஒட்டுசுட்டானுக்கு அங்கால நூற்றுப்பன்னிரண்டு வீடு.
அதில் பதினேழுக்கு நேரே
‘ஆளில்லை’ என்று எழுதியிருந்தேன்.
அட்டவணையின் அடியில், சின்ன எழுத்தில்.

பின்வாங்கிலிருந்து துஷ்யந்தினி கேட்டாள்:
“எந்த நாள் போனீங்கள், சேர்?”
செவ்வாய்.
“என்னத்தில?”
மோட்டார்சைக்கிளில்.
“கையில?”
கோப்பு, பேனை. கழுத்தில் அடையாள அட்டை.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இருந்துவிட்டாள்.

எனக்குத்தான் பிறகு ஒவ்வொரு வளவாக வந்தது.
பாதி கூட்டிய முற்றத்தில் குறுக்கே கிடந்த விளக்குமாறு.
வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்த குழாய்.
பாட்டின் நடுவில் வாய்மூடிய வானொலி.
ஒரு வீட்டில் பருப்பு அடிப்பிடிக்கும் மணம்;
படலையடியில் நான் நின்ற ஐந்து நிமிடமும்
எரிஞ்சால் எரியட்டும் என்று
உள்ளே மூச்சையடக்கி யாரோ இருந்திருக்கிறார்கள்.

குழுக்கடன் அறவிட வருவது செவ்வாய்களில்.
அது என் நாலாவது ஸ்லைடிலேயே இருந்தது.

“வேற கேள்விகள்?” என்றார் புவிராஜ்.
மாதிரியின் அளவு போதுமா என்று ஒருவர் கேட்டார்.
போதும் என்றேன்.

தேநீரும் பற்றீஸும் வந்தன.
கோப்பையை நீட்டிய துஷ்யந்தினியிடம்
எந்த ஊர் என்று கேட்க வாயெடுத்து,
சீனி போட்டதோ
என்று கேட்டேன்.