பின் இடது

ரிச்சி தெருவில் கேட்டார்கள்,
ஹால் என்ன சைஸ் சார் என்று.
பத்துக்குப் பன்னிரண்டு என்றேன்.
பாதியைக் கட்டில் அடைத்திருப்பதைச் சொல்லவில்லை.
பழைய ஆம்ப்ளிஃபயர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர்,
பேரம் முடிந்து ஆறாயிரத்து இருநூறு.
வூஃபரை மடியில் வைத்துக்கொண்டு
பெரம்பூர் வரை ஆட்டோவில் வந்தேன்.
பள்ளத்துக்குப் பள்ளம் அது உள்ளுக்குள் இருமியது.

ஞாயிறு முழுக்க அலமாரிக்குப் பின்னால் கிடந்தேன்.
சிவப்புக் கோடு போட்டது பிளஸ், போடாதது மைனஸ்.
ஒயரின் தோலைப் பல்லால் உரித்துச்
செம்பு இழையை முறுக்கி ஓட்டையில் சொருகினேன்.
பெனிட்டா டார்ச் பிடித்தாள், அவ்வப்போது தன் முகத்துக்கே.

பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரே ஒரு ஆப்டிகல் கேபிள்.
டிஸ்க் சுற்றுகிறது.
டிவியில் ஒருவன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான்.
சத்தம் இல்லை.
இன்புட்டை மாற்றினோம்.
ரிமோட் பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டோம்.
மெனுவில் பிசிஎம் என்று ஒன்று, பிட்ஸ்ட்ரீம் என்று ஒன்று;
எதுவென்று தெரியாமல்
இரண்டையும் மாற்றி மாற்றிக் கெஞ்சினோம்.
கடைசியில் அவள்தான் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தாள்.
முனையில் மிளகளவு ஒரு பிளாஸ்டிக் தொப்பி,
கழற்றாமலே செருகியிருக்கிறேன்.

தொப்பி போனதும் சிவப்பாய் ஒரு புள்ளி.
"இதுவா சத்தம்?"
உள்ளங்கையில் விழவிட்டுப் பார்த்தாள்.
சூடுகூட இல்லை என்றாள்.

பிறகு சோதனை ஒலி.
வெயிட் போடாத குக்கர் மாதிரி ஒரு சீறல்
மூலைக்கு மூலை நகரும்.
அவள் சோபாவில் உட்கார்ந்து விரல் நீட்டினாள்:
முன் இடது. நடு. முன் வலது. பின் வலது.
பின் இடதுக்கு நீட்டியபோது
எனக்கு அது எங்கிருந்தும் வரவில்லை,
சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி
எடுத்துக்கொண்டு போன காது.
இடப்பக்கத்துச் சத்தமெல்லாம்
என் தலையைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேரும்,
கொஞ்சம் இளைத்து.
யார் கூப்பிட்டாலும் வலப்பக்கம் திரும்புவேன்.
கல்யாணமான முதல் வாரமே
கட்டிலில் பக்கம் மாறிப் படுத்தவள் இவள்.
காரணம் நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"அப்புறம் எதுக்கு அஞ்சு வாங்கினே?"
செட்டாகத்தான் கொடுப்பார்கள் என்றேன்.
அதுவும் உண்மைதான்.

ராத்திரி ஒரு மலையாளப் படம் போட்டோம்.
மழையில் யாரோ நடந்து வருகிறார்கள்.
பெனிட்டா சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தாள்.
தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது.
"யாரு?" என்றேன்.
"யாருமில்ல. பின்னாடிலேர்ந்து வந்துச்சு."
இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.
மறுபடி திரும்பினாள், தெரிந்தும்.

நான் எழுந்து
பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்,
டிவிக்கு முதுகு காட்டி.
இப்போது பின் இடது என் வலது.
சேற்றில் செருப்பு ஒட்டிப் பிரியும் சத்தம்,
தகரத்தில் சொட்டு,
ஒரு ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு
அரிசி டின் பக்கமிருந்து வருகிறான்.
"இப்படியேவா முழுப் படமும்?"
"இப்படியே."

கீழ்வீட்டில் துடைப்பக் குச்சியால் இடித்தார்கள்.
வூஃபரை மட்டும் குறைத்தாள்.
எதிரே அவள் மூக்குக் கண்ணாடி.
இரண்டு வில்லையிலும் சின்னதாய்,
இடம் வலம் மாறி,
யாரோ குடை விரிக்கிறார்கள்.