எட்டாம் எண் வாசல்

கெமியார்வியில் மார்கழி விடிய
இன்னும் ஏழு மணிநேரம் இருக்கும்போதே
பனி ஒதுக்கும் வண்டி வந்துவிடும்.
சாலையை வழித்து
வீட்டுக்கு வீடு வாசலை மறித்து
முழங்காலுயரம் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும்.
வெட்டி வழி செய்துகொள்வது அவரவர் பாடு.
வண்டி என்றால் அப்படித்தான்.

நவம்பரில் எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள்
என் வாசலில் வரப்பு இல்லை.
அடுத்த நாளும் இல்லை.
மூன்றாம் இரவு தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்:
உரசிக்கொண்டே வந்த இரும்பு
என் வேலியருகே மூச்சைப் பிடித்துக்கொண்டது.
வாசலின் அகலம் முழுக்கச் சத்தமில்லை.
அதைத் தாண்டி எங்கோ
பொத்தென்று ஒரு பாரம் இறங்கியது.
அதை நான் யோசிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் கட்டில் இரண்டு அட்டை மிச்சம்,
சிவந்த மார்புக் குருவி ஓட்ஸ் கதிரைக் கொத்தும் படம்.
'அன்புள்ள' என்று எழுதி அடித்தேன், பெயர் தெரியாது.
'மதிப்பிற்குரிய' என்றால்
நகராட்சிக்குத் தண்ணீர் வரி கட்டுவது போலிருந்தது.
முப்பது வருஷம் கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதிய கை.
வரவு தெரியும், பற்று தெரியும்.
இதை எந்தப் பத்தியில் ஏற்றுவது?
கடைசியில் நான்கே சொல்:
"வாசலைக் கவனித்தீர்கள். நான் கவனித்தேன்."

ரொட்டி உறைக்குள் போட்டு
ஸ்கை கம்பில் கட்டி நட்டுவைத்து
விளக்கை அணைக்காமல் ஜன்னலோரம் நின்றேன்.
வண்டி முதல்முறையாக நின்றது.
நான்கு மாதமாக மனதுக்குள்
மீசை வைத்து வளர்த்திருந்த ஓட்டுநர்
இருபத்தைந்து வயதுப் பெண்ணாகக் கீழே குதித்தாள்.
கையுறையைப் பல்லால் உருவி
முகப்பு வெளிச்சத்தில் படித்தாள்.
பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு தலையை ஆட்டி, இல்லை என்பதுபோல,
பக்கத்து வீட்டைக் காட்டினாள்.
அடுத்து அங்கே போக வேண்டும் என்கிறாள் போல,
நேரமாகிறது பாவம் என்று நினைத்தேன்.

காலையில் கம்பில் என் அட்டை இல்லை.
அதே உறைக்குள் வேறொரு தாள்,
வண்டிக்குள் மாதக்கணக்கில் செருகிக் கிடந்து
மடிப்பில் எண்ணெய் ஏறியது.
ஹெல்வியின் கையெழுத்து.
பால்காரனுக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தாள்:
"எட்டாம் எண்ணுக்கு வரப்பு வேண்டாம்.
அதையும் என் வாசலிலேயே தள்ளிவிடவும்."

குளிர்காலம் முழுக்க
மார்பளவு பனியோடு அவள் மல்லுக்கு நிற்பதை
காபி ஆற்றிக்கொண்டே பார்த்திருக்கிறேன்.
அவள் வீடு இருக்கும் வாகு அப்படி,
காற்று அங்கேதான் கொண்டுவந்து கொட்டுகிறது என்று
என் மகனிடம் போனில் சொல்லியும் இருக்கிறேன்.

இப்போதும் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.
தொப்பி நழுவி ஒரு காது சிவந்திருக்கிறது.
வேலி தாண்டிப் பேசினால்
இன்று மைனஸ் எத்தனை என்பதோடு
இருவருக்கும் பேச்சு முடிந்துவிடும்.

இன்னொரு குருவி இருக்கிறது.
பேனாவைத் திறந்து வைத்து வெகுநேரமாகிறது.
பெயர் தெரியும், முகவரி தெரியும்,
இருபதடி தூரம்.
முதல் சொல்தான்.